மிச்சத் தார்

தார் வேலை செய்பவர்களைப் பார்த்தால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு பரிதாபம் வந்துவிடுகிறது. அது தேவையில்லை, மேடம். வெயிலும் தாரும் சேர்ந்து சுடும்போது ஒரு கட்டத்துக்கு மேல் எது சுடுகிறது என்றே தெரியாது. நான்தான் பஸ்ஸில் இருப்பவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன். தங்களைச் சுமப்பது எது என்று தெரியாமலே ஊர் போய்ச் சேருகிறவர்கள்.

என் பெயர் அன்புசெல்வன். ரோடு மேஸ்திரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் உங்கள் ஜீப் குலுங்காமல் வந்த இடங்களில் பாதி என் வேலை. குலுங்கிய இடங்கள் வேறு கான்ட்ராக்டர்.

நீங்கள் ஸ்டீபன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் சென்னைக்காரர், அதனால் எங்கள் எல்லை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றதெல்லாம் ஏதோ பெரிய குற்றம் மாதிரித் தெரியும்.

எங்கள் முள்ளம்பூண்டியிலிருந்து எர்ரபாட்டுக்கு ஒரு ரோடு போகிறது. முள்ளம்பூண்டி தமிழ்நாடு, எர்ரபாடு ஆந்திரா. நடுவில் ஒரு எல்லைக்கல் இருந்ததாம். ரோட்டை அகலப்படுத்தியபோது பொக்லைன் அதை மண்ணோடு வாரிக்கொண்டு போய்விட்டது. யாரும் தேடவில்லை. தேட அவசியமும் இல்லை. ஏனென்றால் தார் மாறுகிற இடம் இருந்தது. நம் தார் கறுப்பு. அவர்களுடைய ஜல்லி வேறு குன்றிலிருந்து வருவதால் ரோடு கொஞ்சம் சாம்பல் நிறமாக இருக்கும். கறுப்பு முடிந்து சாம்பல் தொடங்கும் கோடுதான் எல்லை. எங்கள் டவுன் பஸ் அங்கேதான் திரும்பும். அம்மன் ஊர்வலத்தில் ஆடி வருகிறவர்கள் அந்தக் கோடு வரை ஆடிவிட்டுத் திரும்புவார்கள். அம்மனுக்கும் அதற்கு மேல் அதிகாரம் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பும் ஜோடிகள் தார் மாறியதும்தான் பைக்கை நிறுத்தித் தண்ணீர் குடிப்பார்கள்.

வரைபடத்தை யாரும் பார்த்ததில்லை. கேட்டால் ஒரே பதில்தான்.

"அளக்காமலா கவர்மென்ட்டு தார் போடும்?"

இரண்டு பக்கமும், இரண்டு மொழியிலும், படித்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். நானும் மறுத்ததில்லை. அரசாங்கத்தின்மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் கெடுப்பது என் வேலை இல்லை.

இந்த வருஷம் நெல்லில் தகராறு வந்தது. எர்ரபாட்டு நெல் இங்கே வந்து விழுவதால்தான் விலை சரிகிறது என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் சொன்னார்கள். தமிழ்நாட்டு வியாபாரிகள் சந்தை வரி கட்டாமல் நெல்லை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். தார் மாறுகிற இடத்தில் இரண்டு பக்கமும் டிரம் உருட்டி, மூங்கில் கட்டி, கொடி செருகினார்கள். எங்கள் பக்கத்துக்குத் தலைவர் சுப்பிரமணி. எண்பது மூட்டை விளைகிற நிலத்தை வைத்துக்கொண்டு எண்ணூறு மூட்டைக்குப் பேசுவார். ஊரே அவரை நைனா என்று கூப்பிடும்.

கோட்டைத் தாண்டி, சாம்பல் தாரின் ஓரத்தில் வெங்கடேசனின் எடைமேடை இருக்கிறது. இரண்டு பக்கத்து நெல் லாரிகளும் அதில்தான் ஏறி இறங்கும். எடைமேடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வரி என்பது கணக்கு. அது ஆந்திராவில் இருந்தது. எல்லோருக்கும் அது பழகிப் போயிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அந்த ரோட்டில் மறுதார் போடும் வேலை வந்தது. ஸ்டீபன் என் கேங்கில் ரோலர் டிரைவர். முள்ளம்பூண்டி காலனிப் பையன். அப்பா சுப்பிரமணியின் நிலத்தில் நாற்று நட்டவர். மகன் ரோலர் ஏறிவிட்டான், மருமகள் மோனிகா எல்லைக்கு அந்தப் பக்கம் போன் பாகங்கள் செய்கிற கம்பெனிக்குப் போகிறாள். நானும் ஸ்டீபனும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகத்தான் பழகினோம். என் வீட்டுக்கு வந்தால் வெளிக் குழாயில் தானே கை கழுவிக்கொள்வான். நான் சொன்னதே இல்லை. அவனுக்கே தெரியும்.

தார்க் கலவை சூடாக வரவேண்டும், சூடாக விரிக்கவேண்டும். ஆறிவிட்டால் பாறை. அதனால் கோடு வரை போட்டு முடித்தபின் டிப்பரில் மிச்சம் இருந்தால் அதை யார் வீட்டு வாசலிலாவது கொட்டி உருட்டிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். கறிச்சோறு போட்டவன் வாசலுக்கு முன்னுரிமை. அடுத்தது கோயில். இந்த வருஷம் கோயில் வாசலுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போட்டாகிவிட்டது. சாமி கும்பிடுகிறவர்கள் வெயிலில் தவளை மாதிரிக் குதித்துக் குதித்துப் போனார்கள். கவுன்சிலர் வீட்டில் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். ஆகவே மிச்சத்தைப் போட இடம் இல்லை.

அதனால் நான் கோட்டைத் தாண்டிப் போடச் சொன்னேன்.

ஸ்டீபன் ரோலரை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"ணா, அது அவங்களுதுணா."

"தார் ஆறிப்போச்சுன்னா யாருதும் இல்லடா. ஏத்து."

"ஆந்திராக்காரன் வந்து கேட்டா?"

"இலவசமா ரோடு போட்டுக் குட்தா எவன்டா கேப்பான்? மால போடுவான்."

அவன் சிரித்துக்கொண்டே ஏற்றினான். எடைமேடையைத் தாண்டி, ஒரு வளைவு வரும் வரை போட்டோம். வளைவில் ஜாயின்ட்டை நானே குனிந்து ரேக் பிடித்து முடித்தேன். ஒரு ஜல்லி துருத்தவில்லை. கறுப்பு முடிந்து சாம்பல் தொடங்குவது, புதுப் புடவையின் கரை மாதிரி இருந்தது.

மறுநாள் காலை எடைமேடையைத் திறக்க வந்த வெங்கடேசன் எனக்குப் போன் போட்டான்.

"அன்புணா, நான் எந்த ஸ்டேட்டுல கீறேன்?"

"ஏன்டா?"

"நேத்து பூட்டிக்கினு போம்போது ஆந்திரா. இப்போ தொறக்க வந்தா தமிழ்நாடு. ஓனர் நானு, எனக்கு ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

அதற்குள் சுப்பிரமணி ஆட்களோடு வந்துவிட்டார். டிரம்மையும் மூங்கிலையும் பிடுங்கி, புதிதாகத் தார் மாறுகிற இடத்துக்குக் கொண்டுபோய் நட்டார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. அரசாங்கம் அளந்துதான் தார் போடும், போட்டுவிட்டது, அவ்வளவுதான். எர்ரபாட்டுக்காரர்களுக்கும் அதே நம்பிக்கை. அதனால் அவர்கள் என்னைத் திட்டவில்லை. தமிழ்நாடு அரசு எங்கள் மண்ணைப் பிடித்துவிட்டது என்று நேராக மேலே போனார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, மேடம், "இதைப் போட்ட மேஸ்திரி யார்" என்று கேட்கவில்லை.

அன்று மாலையே டிவியில் நான்கு பேர் அதைப் பற்றி விவாதித்தார்கள். நால்வருக்கும் பின்னால் என் தார் ஓடிக்கொண்டிருந்தது. அன்று முழுக்கத் திருநின்றவூரில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்த ஒரு கட்சிக்காரருக்கு, மண்ணை மீட்ட மாவீரன் என்று பேனர் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியம் வரைதான். இரண்டு பக்கமும் கொடும்பாவி கொளுத்தினார்கள். இரண்டுக்கும் வைக்கோல் ஒரே களத்திலிருந்துதான் போனது, நல்ல விலைக்கு. முதல் கல்லை எறிந்தது யார் என்று நீங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. கல் நம்முடைய ஜல்லி. அது மட்டும் தெரியும், ஓரத்தில் நான்தான் குவித்துவிட்டு வந்திருந்தேன்.

டயர் கொளுத்துகிறவர்களிடம் நானே போய்ப் பேசினேன். "தம்பி, புதுத் தாரு. தகரம் போட்டு அதுமேல வெச்சுக் கொளுத்துங்கப்பா. இல்லன்னா கொப்புளம் வந்துடும்" என்றேன். நல்ல பையன்கள். கொளுத்திய பிறகு தகரத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் போனார்கள். மக்கள் கெட்டவர்கள் இல்லை. எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு டிவி பெண் ஜாயின்ட் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, விரலால் அதைத் தடவிக் காட்டிப் பேசினாள். கூட்டத்தில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு ஆள், "பென்சில்ல கோடு போட்ட மாரி கீது பாரு" என்றான். அவன் எர்ரபாட்டுக்காரனா, நம் ஆளா தெரியவில்லை. அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஏன் கொடுக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. குடித்தான்.

இப்போது ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். மிச்சம் என்று சொன்னேன் அல்லவா. அந்த டிப்பர் மிச்சமாக வந்தது இல்லை. கலவை பிளான்ட்டுக்குப் போன் போட்டு நான்தான் ஒரு லோடு அதிகமாக வரச்சொன்னேன். கேங்கில் யாருக்கும் தெரியாது, ஸ்டீபனுக்கும் தெரியாது. சுப்பிரமணி சொல்லிச் செய்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. நெல் யார் பக்கம் எடைபோட்டால் எனக்கென்ன. எனக்கு இருப்பது ஒரு வீடும் ஒரு எருமையும்.

காரணம் சின்னது. சொன்னால் சிரிக்கக்கூடாது.

ஊத்துக்கோட்டையில் என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அங்கே போக எர்ரபாடு வழியாகத்தான் மினி பஸ். எத்தனையோ வருஷமாக அந்த பஸ்ஸில் போகிறேன். நம் ரோடு முடிகிற வரை எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கான்ட்ராக்டர் பரம்பரையைத் திட்டிக்கொண்டு வருவார்கள். தார் மாறும். சத்தம் அடங்கும். பஸ் மொத்தமும் ஒரே மூச்சில், "அப்பாடா, ஆந்திரா ரோடு வந்துச்சு" என்று சொல்லும். குழந்தைகள் தூங்கிவிடும். ஒரு தடவை என் மகளே சொன்னாள், மடியில் பேரனைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. நம் ரோட்டைப் போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும்.

கான்ட்ராக்டர் கொடுப்பதை வைத்துத்தான் நான் போட முடியும். இந்தத் தடவை அதிசயமாக நல்ல கலவை வந்தது. அந்த அப்பாடா ஒரே ஒரு முறை என் தார்மேல் விழட்டும் என்று நினைத்தேன். அவர்கள் ரோட்டை என் ரோட்டால் மூடினேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவுகூட ஆசை இருக்கக்கூடாதா.

கலவரம் தொடங்கி பஸ்ஸே ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

கம்பெனி பஸ்களை மட்டும் ரோட்டை விட்டு இறங்கி மண்பாதையில் சுற்றிப் போக விடலாம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எறிகிற கை எல்லாம் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் மோனிகா வந்த பஸ்ஸில் கல் விழுந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சில் வலது கண்ணில் போனது. பார்வை திரும்பாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மேலிடத்தில் உட்கார்ந்து பேசி ஒரு உத்தரவு போட்டார்கள். கூட்டு சர்வே முடிகிற வரை பழைய எல்லை என்று சொல்லப்படுகிற இடத்துக்கும் புதிய எல்லை என்று சொல்லப்படுகிற இடத்துக்கும் நடுவில் எந்தப் பக்கத்து போலீசும், ஆளும், வண்டியும் கால் வைக்கக்கூடாது. இரண்டு முனையிலும் தடுப்பு. நடுவில் என் தார் மட்டும் தனியாகக் கிடந்தது. யாருடையதும் இல்லாத ரோடு. ஆடுகள் மட்டும் வந்து படுத்துக்கொள்ளும். அதைத் தூரத்திலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். ஒரு சக்கரம்கூட ஏறாத ரோட்டை எந்த மேஸ்திரியும் பார்த்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஸ்டீபன் நேராக ரோலர் நிற்கிற இடத்துக்கு வந்தான். நான் அங்கே உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ணா, நாளைக்கு ஸ்கூல்ல சமாதானக் கூட்டமாம். ரெண்டு பக்கத்து ஆபீசரும் வராங்க. போய் சொல்லிட்லாம்ணா."

"இன்னாத்த சொல்லுவ?"

"மிச்ச மிக்ஸு, சும்மா இழுத்து வுட்டோம்னு. அவ்ளோதான. பேஜாரு வுட்டுது. திட்டுவாங்கோ. நம்ம கான்ட்ராக்டர் திட்டாத திட்டா?"

"வேல பூடும்டா."

"மோனிகாவுக்குக் கண்ணே பூட்ச்சு. நீ வேலைய பத்திப் பேசிக்கினு கீற."

"சொன்னா தார சுரண்டிப்புடுவாங்கடா. ஜேசிபி வெச்சு மொத்தமும்."

"சுரண்டட்டுமே. தார்தானணா."

தார்தானே. எத்தனை வருஷம் என் கூட ரோலர் ஓட்டினான். எந்த இடத்தில் எத்தனை முறை போய் வரவேண்டும் என்று நான் கண்ணைக் காட்டினால் புரிந்துகொள்வான். என் வேலையை வேலை என்று தெரிந்தவன் உலகத்தில் அவன் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. மற்றதை எல்லாம் மன்னித்துவிட்டேன், மேடம். அதை மட்டும் இன்னும் முடியவில்லை.

"சரி, காலையில வா. ரெண்டு பேருமா போவோம்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ ஒத்துக்குவேன்னு தெரியும்ணா" என்றான்.

மறுநாள் நான் சீக்கிரமே போய்விட்டேன். பள்ளிக்கூடம் எங்கள் தடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே சுப்பிரமணியின் ஆட்கள் கூடியிருந்தார்கள். கழி, கொடி, ஒரு மைக் செட். கன்னியம்மா கடையில் நானும் சுப்பிரமணியும் டீ குடித்தோம். அப்போது நான் பேசியது இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நைனா, நம்ம ஸ்டீபன் உள்ள போய் புதுத் தாரு பொய்னு சொல்லப் போறானாம். அந்தப் பக்கத்துல டப்பு வாங்கிட்டான்னு பேசிக்கிறாங்க. எனக்கு இன்னா தெரியும்."

"எந்த ஸ்டீபனு? காலனியா?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்றார் சுப்பிரமணி.

அவ்வளவுதான். நான் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. அவன் புதுத் தார் பொய் என்று சொல்லத்தான் போகிறான், அது உண்மை. பணம் வாங்கினான் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றேன். பேசிக்கொண்டது நான் ஒருவன்தான், ஆனாலும் பேசியது பேசியதுதான். நான் சொன்னதைவிட அவர் கேட்ட கேள்விக்குத்தான் வேலை அதிகம். இதே சேதி சுப்பிரமணி வீட்டுப் பையனைப் பற்றி வந்திருந்தால், உட்கார வைத்து விசாரித்திருப்பார்கள். காலனி என்றதும் விசாரணை முடிந்துவிட்டது. அந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போட்ட ரோடு அது.

ஸ்டீபன் பைக்கில் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் மோனிகா, கண்ணில் கட்டோடு. அவன் இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடா, எவ்ளோ டப்பு குட்தான் உனுக்கு?"

"யார் ஊட்டு மண்ண எவனுக்குடா விக்கற?"

"நைனா, நான் சொல்றத கேளு நைனா. மேஸ்திரி வருவாரு, அவர கேளுங்கோ..."

நான் கடைக்குப் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தேன். முதல் அடி விழுந்த சத்தம் கேட்டது. ஓடினான். ஓட இருந்த வழி ஒன்றுதான். தடுப்பைத் தாண்டி என் ரோட்டில் இறங்கினான். இவர்கள் தடுப்போடு நின்றுவிட்டார்கள், உத்தரவு இருக்கிறதே. கல்லை மட்டும் எறிந்தார்கள். கல்லுக்கு உத்தரவு இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து ஒருவன் ஓடி வருகிறான், பின்னால் கூச்சலோடு ஒரு கூட்டம். படையெடுக்கிறார்கள் என்று நினைத்து அவர்களும் எறிந்தார்கள். ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு மாநிலமும் ஒன்றாகச் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

எடைமேடைக்கு எதிரில் விழுந்தான்.

அப்போது உயிர் இருந்தது. கால் அசைந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பக்கத் தடுப்பில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது, இந்தப் பக்கத்திலும் ஒன்று. தினமும் கலவரத்துக்காக நிறுத்தி வைத்திருப்பார்கள். இரண்டு இன்ஸ்பெக்டர்களும் தடுப்பில் நின்றபடி போனில் பேசிக்கொண்டார்கள். நம்முடையவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், உங்க லிமிட்டு சார். ஆம்புலன்ஸ அனுப்புங்க."

"நேத்து வரைக்கும் உங்களுதுன்னு சொன்னீங்க இல்ல சார். தீஸ்கோங்க, நீங்களே எடுத்துக்கோங்க."

"சர்வே முடியல சார். நான் எப்படி உள்ள வரது?"

"எனக்கும் அதே ஆர்டர்தான் சார்."

ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று கத்திக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் தடுப்போடு நின்றுகொண்டது. ஒருவன் விழுந்ததும் அந்த மண் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. மோனிகா தடுப்புக்கு அடியில் புகுந்து ஓடப் பார்த்தாள். பெண் போலீஸ் பிடித்துக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, கல் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது நம் இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "ஊர்க்காரங்க யாராவது சொல்லுங்கப்பா. புதுத் தார் போடறதுக்கு முன்ன பழைய தார் எங்க முடிஞ்சுது? ஆள் எங்க விழுந்து கீறான், அவங்க எடமா, நம்ம எடமா? ஒருத்தர் உறுதியா சொன்னாக்கூடப் போதும், மேல பேசிட்றேன்."

ஊரில் எல்லோருக்கும் உத்தேசமாகத் தெரியும். ஆனால் எடைமேடை ஆந்திராவில் இருந்தது என்று சுப்பிரமணியின் முன்னால் சொல்ல யாருக்கு வாய் வரும்.

மோனிகா என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, நீங்கதான தார் போட்டீங்க. இவரு எல்லாம் எங்கிட்ட சொன்னாரு. சொல்லுங்கண்ணா. ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா, வண்டி உள்ள வரும்."

எல்லோரும் திரும்பினார்கள். அவ்வளவு நாள் யாரும் கேட்காத கேள்வி. போட்டது யார். இன்ஸ்பெக்டர் என்னிடமே வந்தார். "மேஸ்திரி, நீங்களா? பழைய தார் எங்க முடிஞ்சுது?"

எனக்குத் தெரியும். கோடு இருந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மிதித்துக் காட்டுவேன். ஸ்டீபன் கிடந்தது அதற்கு அந்தப் பக்கம், சந்தேகத்துக்கு இடமில்லாத ஆந்திரா. நான் சொல்லியிருந்தால் தகராறு அந்த நிமிஷமே முடிந்திருக்கும், அந்தப் பக்கத்து வண்டி உள்ளே வந்திருக்கும். பிறகு என்ன நடக்கும் என்றும் தெரியும். தவறாகப் போட்டது என்று எழுதுவார்கள். ஜேசிபி வரும். ஒரு மாதம் இரண்டு மாநிலம் உற்றுப் பார்த்த ரோட்டை அரை நாளில் வாரி லாரியில் போட்டுக்கொண்டு போவார்கள்.

"தெரியல சார்" என்றேன். "கான்ட்ராக்டர் காட்டின எடத்துல போட்டோம்." மோனிகாவைக் காட்டி, "பாவம், அதிர்ச்சியில பேசுது. தண்ணி குடுங்க" என்றும் சொன்னேன். யாரோ ஒரு பாட்டிலை நீட்டினார்கள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

மதியத்துக்கு மேல் எங்கிருந்தோ ஒரு போன் வந்து, அந்தப் பக்கத்து வண்டி உள்ளே போனது. அதற்குள் அவன் கால் அசைவதை நிறுத்திவிட்டிருந்தது. வண்டி திரும்பும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே கொஞ்சம்கூட ஆடவில்லை. அந்த ரோட்டில் ஓடிய முதல் வண்டி அதுதான்.

அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. காலனியிலிருந்து கல்லறைக்குப் போகும் வழி வெறும் மண், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமப்பட்டார்கள். முடிந்ததும் மோனிகாவிடம் போய், "அடுத்த வேலையில மிச்சம் வுழுந்தா கல்லறை வாசல் வரைக்கும் போட்டுக் குடுக்கறம்மா" என்றேன். அவள் இருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். துக்கத்தில் இருப்பவர்கள் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்கக்கூடாது.

பிறகு அவள் மனு கொடுத்தாள், நீங்கள் வந்தீர்கள். நேற்று எடைமேடைக்கு எதிரில் மிஷின் வைத்து ரோட்டில் துளை போட்டு, ஒரு உருளையாக வெட்டி எடுத்தீர்கள். மேலே கறுப்பு, அடியில் சாம்பல். அதற்கு மேல் நான் மறைக்க என்ன இருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லோடு வரச்சொன்னது நான். சுப்பிரமணியிடம் சொன்னது நான். தெரிந்தும் தெரியாது என்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்த அந்தத் துளையை உங்கள் ஆட்கள் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மழை வரும்போல இருக்கிறது. தண்ணீர் இறங்கினால் மொத்தமும் போய்விடும், மேடம். போலீஸ் காவலோடு அனுப்பினாலும் சரி, கால் மணி நேரம் கொடுத்தால் நானே போய் அடைத்துவிட்டு வந்துவிடுவேன்.